பேஸ்பால் மேனேஜ்மென்ட் கேம்: முதல் மே மாசத்தை தாண்டுறது எப்படி

இந்த வகை கேமை இப்பதான் ஆரம்பிக்கிறவங்களுக்காக எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும். இதுல பேட்டை நீங்க சுத்தப்போறதில்ல, பந்தை நீங்க வீசப்போறதும் இல்ல. யார் ஆடணும், எந்த வரிசையில இறங்கணும், யாருக்கு எத்தனை வருஷ கான்ட்ராக்ட், யாரை விட்டுட்டு யாரை எடுக்கணும், இவ்வளவுதான் உங்க கையில, மத்ததை கம்ப்யூட்டர் ஆடிக் காட்டும். அமெரிக்காவோட உச்ச பேஸ்பால் லீக்கான மேஜர் லீக்கை அப்படியே எடுத்து ஆடினா 30 டீம், ஒரு டீமுக்கு 162 மேட்ச், லீக் முழுக்க 2,430 மேட்ச், அதுக்குக் கீழ மைனர் லீக் டீமுங்க வேற, ஆயிரக்கணக்குல ப்ளேயருங்க, ஒவ்வொருத்தனுக்கும் பக்கம் பக்கமா நம்பர். முதல் நாள் ஸ்கிரீனை பாத்ததும் தலை சுத்தும். நிறைய பேர் அங்கேயே மூடி வச்சிட்டு போயிடுறாங்க, அது எனக்கு நெஜமாவே வருத்தமா இருக்கும், ஏன்னா அந்த நம்பர்ல முக்காவாசியை முதல் சீசன்ல தொடவே வேண்டாம்.

எதை ஆடுறதுன்னு கேட்டா, ஆழமா இறங்கணும்னா அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால், எல்லாரும் ஓஓடிபின்னு சொல்றது. மார்கஸ் ஹைன்சோன்னு ஒரு ஜெர்மன்காரர் 1990-களோட கடைசியில ஆரம்பிச்சது, இப்பவும் வருஷா வருஷம் புது வெர்ஷன் வருது. சீக்கிரம் சீக்கிரமா பல சீசன் ஓட்டணும்னா பேஸ்பால் மோகல், அது 1997-லயே வந்தது, ஸ்கிரீன் கம்மி, வேகம் அதிகம். காசு செலவு பண்ணாம ருசி பாக்கணும்னா ஜென்ஜிஎம் பேஸ்பால் இருக்கு, பிரவுசர்லயே ஓடும். இதெல்லாத்துக்கும் தாத்தா கம்ப்யூட்டரே இல்லாத கேம், 1961-ல வந்த ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக், ஒவ்வொரு ப்ளேயருக்கும் ஒரு கார்டு, தாயக்கட்டையை உருட்டினா அந்தக் கார்டுல அவன் என்ன பண்ணான்னு வரும். இதை ஏன் சொல்றேன்னா இன்னைக்கு கம்ப்யூட்டர் உள்ள நடக்கிறதும் அடிப்படையில அதேதான், ப்ளேயரோட திறமை ஒரு பக்கம், தாயம் ஒரு பக்கம். எது திறமை எது தாயம்னு பிரிச்சு பாக்கத் தெரிஞ்சவன்தான் இந்த கேம்ல ஜெயிக்கிறான். நான் கீழ சொல்றது பெரும்பாலும் ஓஓடிபியை வச்சுதான், ஆனா யோசனை எல்லாத்துக்கும் பொருந்தும்.

முதல் டீம் எடுக்கும்போது நடுத்தரமான டீமா எடுங்க. ரொம்ப பெரிய டீம் எடுத்தா ஓனரோட எதிர்பார்ப்பு தலைமேல இருக்கும், ரொம்ப மோசமான டீம் எடுத்தா ரெண்டு வருஷம் தோத்துக்கிட்டே இருக்கணும், அதுக்குள்ள ஆர்வம் போயிடும். கேம் ஆரம்பிக்கிற இடத்துல ஸ்கவுட்டிங், அதாவது ப்ளேயரோட திறமையை ஆள் வச்சு எடை போடுறது, ஆன்ல வைக்கணுமா ஆஃப்ல வைக்கணுமான்னு ஒரு செட்டிங் இருக்கும். ஆஃப்ல வச்சா எல்லா ப்ளேயரோட உண்மையான ரேட்டிங்கும் அப்படியே தெரியும், ஆன்ல வச்சா உங்க ஸ்கவுட் என்ன நினைக்கிறானோ அதுதான் தெரியும். முதல் சேவ்ல, அதாவது நீங்க சேவ் பண்ணி ஆடிக்கிட்டு போற முதல் ஆட்டத்துல, ஆஃப் பண்ணிட்டு ஆடுங்கன்னுதான் நான் சொல்லுவேன், கத்துக்கிட்டு ரெண்டாவது சேவ்ல ஆன் பண்ணுங்க, அப்பதான் அந்த குழப்பத்தோட அழகு புரியும். ட்ரேடிங், அதாவது மத்த டீமோட ப்ளேயரை மாத்திக்கிறது, அதோட கஷ்டத்தை மட்டும் சுலபத்துல வைக்காதீங்க. சுலபமா இருந்தா பத்தே நிமிஷத்துல மத்த டீமையெல்லாம் ஏமாத்தி நல்லவனையெல்லாம் கொண்டுவந்துடலாம், அப்புறம் ஆடுறதுக்கு ஒண்ணுமே மிஞ்சாது.

மைனர் லீக் வேலையை மொத்தமா அசிஸ்டென்ட் கிட்ட குடுத்துடுங்க. மேனேஜர் செட்டிங்ஸ்ல போனா எந்த வேலை உங்களுக்கு எந்த வேலை ஸ்டாஃபுக்குன்னு பிரிச்சு விடலாம், மைனர் லீக் லைன்அப், கீழ்மட்ட ப்ரமோஷன், இதெல்லாம் அவங்க பாத்துப்பாங்க. நீங்க மேல இருக்கிற 26 பேரை மட்டும் பாருங்க. ஒரு ஒரு நாளா ஓட்டாம வாரா வாரம் சிம் பண்ணுங்க, அதாவது கம்ப்யூட்டரையே வேகமா ஆடி முடிக்க விடுங்க, யாராவது அடிபட்டா நிறுத்துன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதை மட்டும் போட்டு வைங்க.

இப்ப ஒரு ப்ளேயரோட பக்கத்தை எப்படி படிக்கிறதுன்னு பாக்கலாம், இது தெரிஞ்சா பாதி கேம் தெரிஞ்ச மாதிரி. நான் எந்த ப்ளேயரை திறந்தாலும் முதல்ல பாக்கிறது வயசு. அடுத்து கான்ட்ராக்ட், இன்னும் எத்தனை வருஷம் நம்ம கையில இருப்பான், எவ்வளவு. மூணாவதுதான் ரேட்டிங், கடைசியா புள்ளிவிவரம். புதுசா வர்றவங்க இதை அப்படியே தலைகீழா பண்ணுவாங்க, முதல்ல ஹோம் ரன் (பந்தை மைதானத்துக்கு வெளிய அடிக்கிறது) எத்தனைன்னு பாப்பாங்க, வயசைப் பாக்கவே மாட்டாங்க. ஹிட்டர், அதாவது பேட் பிடிக்கிறவன், பொதுவா 26-ல இருந்து 29 வரைக்கும் உச்சத்துல இருப்பான், முப்பதைத் தாண்டினா இறங்குமுகம்தான், அதுவும் ஓட்டமும் ஃபீல்டிங்கும்தான் முதல்ல போகும். அதனால போன சீசன்ல 35 ஹோம் ரன் அடிச்ச 33 வயசுக்காரனுக்கு அஞ்சு வருஷ கான்ட்ராக்ட் குடுத்தீங்கன்னா, நீங்க காசு குடுக்கிறது அவன் ஏற்கனவே அடிச்சு முடிச்ச ஹோம் ரன்னுக்கு.

ரேட்டிங் பல அளவுல காட்டலாம், நான் 20-ல இருந்து 80 வரைக்கும்னு வச்சிருக்கேன், நெஜ ஸ்கவுட்டுங்க பயன்படுத்துறதும் இதுதான், 50-ன்னா மேஜர் லீக் சராசரி. ரெண்டு நம்பர் இருக்கும், ஒண்ணு இன்னைக்கு என்ன, இன்னொண்ணு வளர்ந்தா எங்க போவான், அதாவது பொட்டென்ஷியல். பத்தொன்பது வயசு பையனுக்கு 75 பொட்டென்ஷியல்னு பாத்ததும் மயங்கிடாதீங்க, அது வாக்குறுதி கிடையாது, எல்லாம் நல்லபடியா நடந்தா அங்க போகலாம்ங்கிறது மட்டும்தான், பாதி பேர் போறதில்ல. அந்த இடத்துல குணத்தைப் பாருங்க, வேலை செய்யற பழக்கம், புத்திசாலித்தனம் ரெண்டும் நல்லா இருந்தா வளர்றதுக்கு வாய்ப்பு அதிகம். அடிபடுற சுபாவமும் அதே பக்கத்துல இருக்கும், அடிக்கடி உடம்புக்கு ஆகாதவன்னு போட்டிருந்தா அவனை நம்பி சீசனை வைக்கக்கூடாது.

ஹிட்டர்ல எல்லாரும் பேட்டிங் ஆவரேஜைத்தான் பாப்பாங்க, எத்தனை தடவைக்கு எத்தனை ஹிட், அதாவது அடிச்சு பேஸ்ல சேர்ந்ததுங்கிறது. நீங்க ஓபிபியைப் பாருங்க, எத்தனை தடவை எப்படியாவது பேஸ்ல போய் நிக்கிறான்ங்கிறது, வாக் வாங்கினதும், அதாவது நாலு தப்பான பந்து வந்து சும்மா பேஸ் கிடைச்சதும் சேர்த்து. ஒரு இன்னிங்ஸுக்கு இருக்கிறது மூணே அவுட், அந்த மூணை செலவு பண்ணாதவன்தான் உங்களுக்கு வேணும். ஆவரேஜ் .255 இருந்து ஓபிபி .360 இருக்கிறவன், ஆவரேஜ் .290 இருந்து ஓபிபி .315 இருக்கிறவனை விட பெரும்பாலும் உருப்படியானவன், ஆனா ரெண்டாவது ஆள்தான் மார்க்கெட்ல பேர் வாங்குவான். ரேட்டிங்ல இதுக்கு ஐ-ன்னு ஒரு கட்டம் இருக்கும், கண்ணுன்னு அர்த்தம், எது அடிக்க வேண்டிய பந்து (ஸ்ட்ரைக்) எது விலகிப் போற பந்து (பால்)னு பிரிச்சறியிற திறமை. நான் டீம் எடுத்த உடனே லிஸ்டை அந்த கட்டத்தை வச்சு வரிசைப்படுத்தி பாப்பேன், நம்ம மைனர் லீக்லயே யாராவது இருபத்தாறு வயசுல கண்டுக்காம கிடப்பான்.

பிட்ச்சர், அதாவது பந்து வீசுறவன்தான் எனக்கு பாடம் கத்துக்குடுத்த இடம், அதை கொஞ்சம் விரிவா சொல்றேன். என் முதல் பெரிய சேவ், முதல் சீசன், மே மாசக் கடைசி. டீம் 22 ஜெயிச்சு 30 தோத்திருக்கு. 25 வயசுல ஒரு ஸ்டார்ட்டர் (மேட்சை ஆரம்பிச்சு வைக்கிற பிட்ச்சர்) இருந்தான், நல்ல ரேட்டிங், நல்ல சின்க்கர் (கடைசியில கீழ இறங்குற பந்து), 11 மேட்ச்ல 60 இன்னிங்ஸ் போட்டு 38 ரன் குடுத்திருந்தான், இஆர்ஏ, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு குடுக்கிற ரன், 5.70. ஒவ்வொரு அஞ்சாவது நாளும் அவன் பேரைப் பாக்கும்போதே எனக்கு எரிச்சலா வரும். அந்த நேரம் பாத்து இன்னொரு டீம் ஒரு 34 வயசு பிட்ச்சரை நீட்டுச்சு, இஆர்ஏ 2.40, உடனே மாத்திட்டேன், ரெண்டு நாள் ரொம்ப சந்தோஷமா இருந்தேன். செப்டம்பர்ல பாத்தா நான் விட்டவன் அங்க போன பிறகு 3.20, நான் வாங்கினவன் என்கிட்ட வந்த பிறகு 4.90. கிழவன் ஆகஸ்ட்ல முழங்கை அடிபட்டு உக்காந்துட்டான், அவனுக்கு இன்னும் ரெண்டு வருஷ சம்பளம் பாக்கி.

அன்னைக்கு சேவை பழைய தேதிக்கு லோட் பண்ணி, நான் எதைப் பாக்காம விட்டேன்னு ஒரு ராத்திரி முழுக்க உக்காந்து தேடினேன். அவன் அந்த 60 இன்னிங்ஸ்ல 62 ஸ்ட்ரைக்அவுட் (மூணு ஸ்ட்ரைக் போட்டு அவுட்டாக்குறது) எடுத்திருக்கான், வாக் 18, பந்து உடம்புல பட்டது 2, ஹோம் ரன் குடுத்தது 6. இந்த நாலும்தான் பிட்ச்சரோட சொந்தக் கணக்கு, மிச்சமெல்லாம் பின்னாடி நிக்கிற ஃபீல்டருங்களையும் அதிர்ஷ்டத்தையும் பொறுத்தது. இதுக்குன்னே ஃபிப்-னு ஒரு கணக்கு இருக்கு. ஹோம் ரன்னை 13-ஆல பெருக்கு, வாக்கையும் உடம்புல பட்டதையும் கூட்டி 3-ஆல பெருக்கு, ரெண்டையும் சேர்த்து அதுல இருந்து ஸ்ட்ரைக்அவுட்டை 2-ஆல பெருக்கி கழி, இன்னிங்ஸால வகு, கடைசியா சுமார் 3.10 கூட்டு. அவனுக்கு 78-ம் 60-ம் சேர்ந்து 138, அதுல 124 போனா 14, அறுபதால வகுத்தா 0.23, மொத்தம் 3.33. அதாவது 5.70-ன்னு கண்ணுல பட்டவன் உள்ளுக்குள்ள 3.33 பிட்ச்சர். வாங்கினவனுக்கு போட்டுப் பாத்தேன், 2.40-ன்னு தெரிஞ்சவன் உள்ள 4.60.

சரி, அப்ப அந்த ரன்னெல்லாம் எங்கிருந்து வந்தது? பேபிப்னு இன்னொரு கட்டம் இருக்கும், பேட்ல பட்டு மைதானத்துக்குள்ள விழுந்த பந்துல எத்தனை ஹிட் ஆச்சுங்கிறது, லீக் சராசரி .300 பக்கத்துல இருக்கும், அவனுக்கு .371. கொஞ்சம் துரதிர்ஷ்டம்தான், ஆனா முழுசும் அது இல்ல. அவன் சின்க்கர் போடுறவன், தரையில உருண்டு போற பந்தாத்தான் அடிக்க விடுவான், அதெல்லாம் போற இடம் ஷார்ட்ஸ்டாப், ரெண்டாவது பேஸுக்கும் மூணாவது பேஸுக்கும் நடுவுல நிக்கிற ஃபீல்டர். என் ஷார்ட்ஸ்டாப் யாருன்னு பாத்தா, நல்லா அடிக்கிறான்னு மூணாவது பேஸ்ல இருந்து நானே அங்க கொண்டு போய் நிறுத்தினவன், ஷார்ட்ஸ்டாப் ரேட்டிங் 35. பந்து அவனைத் தாண்டிப் போய்க்கிட்டே இருந்திருக்கு, பழி மட்டும் பிட்ச்சர் மேல விழுந்திருக்கு. ஓட்டை ஒரு இடத்துல இருக்க நான் வேற இடத்தை அடைச்சிருக்கேன். அன்னையிலிருந்து ஒரு பழக்கம் வச்சிருக்கேன், யார் மேலயாவது கோவம் வந்தா அவனை விக்கிறதுக்கு முன்னாடி அவன் பக்கத்துல யார் நிக்கிறான்னு பாப்பேன்.

அதனால ஃபீல்டிங்கை சாதாரணமா எடுத்துக்காதீங்க. நடுக்கோடுன்னு ஒண்ணு இருக்கு, கேட்சர், ஷார்ட்ஸ்டாப், செகண்ட் பேஸ், சென்டர் ஃபீல்ட், இந்த நாலு பேருக்கு ஃபீல்டிங்தான் முதல் தகுதி, அடிக்கிறது ரெண்டாவது. மூலைங்க, அதாவது ஃபர்ஸ்ட் பேஸ், லெஃப்ட் ஃபீல்ட், டிஹெச் (ஃபீல்டிங் பண்ணாம அடிக்க மட்டும் இறங்குறவன்), இங்கெல்லாம் அடிக்கலைன்னா அவனுக்கு அங்க வேலையே இல்ல. பேஸ்பால் புள்ளிவிவரத்தை அலசி எழுதுற பில் ஜேம்ஸ் ரொம்ப நாளைக்கு முன்னாடியே இதை ஒரு வரிசையா போட்டுக் காட்டினார், ஒரு முனையில ஷார்ட்ஸ்டாப், இன்னொரு முனையில ஃபர்ஸ்ட் பேஸும் டிஹெச்சும், வயசாக ஆக ஒரு ப்ளேயர் கஷ்டமான முனையில இருந்து சுலபமான முனைக்கு நகருவான், எதிர்ப்பக்கமா நகர்றது ரொம்ப அரிது. கேம்லயும் அப்படியேதான். ஷார்ட்ஸ்டாப்பை செகண்ட் பேஸுக்கு கொண்டு போனா சீக்கிரம் பழகிடுவான், ஃபர்ஸ்ட் பேஸ்காரனை ஷார்ட்ஸ்டாப்புக்கு கொண்டு போனா சீசன் முடிஞ்சாலும் பழக மாட்டான். டிராஃப்ட்ல, அதாவது டீமுங்க முறை வச்சு புது பையனுங்களை எடுக்கிறப்ப, ரெண்டு பையனுங்க சமமா இருந்தா கஷ்டமான இடத்துல ஆடுறவனை எடுங்க, நாளைக்கு எங்க வேணா மாத்திக்கலாம்.

டீம் நெஜமாவே மோசமா இல்ல தாயம் சரியா விழலையான்னு தெரிஞ்சுக்க இன்னொரு வழி இருக்கு, இதுவும் பில் ஜேம்ஸோடதுதான். அடிச்ச ரன்னை வர்க்கம் பண்ணு, குடுத்த ரன்னை வர்க்கம் பண்ணு, முதலாவதை ரெண்டோட கூட்டுத்தொகையால வகு. ஒரு சீசன்ல 750 ரன் அடிச்சு 650 குடுத்திருந்தா .571 வரும், 162 மேட்சுக்கு 92, 93 வெற்றி. நீங்க ஜெயிச்சது 84-ன்னா டீமை கலைக்காதீங்க, ஒரு ரன் வித்தியாசத்துல நிறைய தோத்திருப்பீங்க, அடுத்த வருஷம் அது தானா சரியாகும். அதே டீம் 99 ஜெயிச்சிருந்தா அப்பத்தான் பயப்படணும். என் அனுபவத்துல ஜெயிச்ச சீசனுக்கு அப்புறம் எடுத்த முடிவுங்கதான் நிறைய சேவை கெடுத்திருக்கு, எல்லாம் நல்லா இருக்குன்னு நினைச்சு இருக்கிற வயசானவங்களுக்கெல்லாம் கான்ட்ராக்ட் நீட்டிடுவோம். மொத்தமா ஒரு பத்து ரன்னுக்கு ஒரு வெற்றின்னு மனசுல வச்சுக்கிட்டா எந்த மாற்றம் எவ்வளவு பெருசுன்னு கணக்கு போட வசதியா இருக்கும்.

ரோஸ்டர், அதாவது டீம்ல இருக்கிற ஆளுங்க லிஸ்ட், அதோட ரூல்ஸ் நிறைய பேரை விரட்டுது, அதனால முக்கியமானதை மட்டும் சொல்றேன். மேல ஆடுறது 26 பேர், அதுல பிட்ச்சர் 13 பேருக்கு மேல கூடாது, செப்டம்பர்ல 28 ஆகும். இதைச் சுத்தி 40 பேர் லிஸ்ட் ஒண்ணு இருக்கும், மேல வரணும்னா முதல்ல அந்த லிஸ்ட்ல இருக்கணும். அந்த 40-ல இருக்கிறவனை கீழ அனுப்பினா ஒரு ஆப்ஷன் வருஷம் செலவாகும், மொத்தம் மூணுதான், அது தீந்து போனவனை கீழ அனுப்பணும்னா வேவர்ஸ்ல போகணும், வேற டீம் சும்மா தூக்கிட்டு போயிடலாம். சீசன் ஆரம்பத்துல யார் யாருக்கு ஆப்ஷன் தீந்திருக்குன்னு ஒரு தடவை பாத்து வச்சுக்கோங்க. ரிலீவருங்கள்ல (ஸ்டார்ட்டருக்கு அப்புறம் வர்ற பிட்ச்சருங்க) ஆப்ஷன் பாக்கி இருக்கிறவங்க ரெண்டு பேர் கண்டிப்பா வேணும், முதல் நாள் மேட்ச் 14 இன்னிங்ஸ் போயிடுச்சுன்னா மறுநாள் களைச்சுப் போன ரிலீவரை கீழ அனுப்பிட்டு புது கையை மேல கொண்டு வரலாம். அடிபட்டா ஹிட்டருக்கு 10 நாள் லிஸ்ட், பிட்ச்சருக்கு 15 நாள், பெரிய அடின்னா 60 நாள், அதுல போட்டா 40-லயும் ஒரு இடம் காலியாகும், இதை நிறைய பேர் மறந்துட்டு இடம் இல்லைன்னு நல்ல பையனை ரிலீஸ் பண்ணிடுறாங்க.

இனி காசு. மேஜர் லீக்ல ஒரு ப்ளேயர் முதல் ஆறு வருஷம் டீமோட கட்டுப்பாட்டுல இருப்பான். அதுல முதல் மூணு வருஷம் பெரும்பாலும் குறைஞ்சபட்ச சம்பளம்தான், 2025-ல அது 7,60,000 டாலர். அடுத்த மூணு வருஷம் ஆர்பிட்ரேஷன், பேசி ஒத்து வரலைன்னா நடுவர் சம்பளத்தை முடிவு பண்றது, வருஷா வருஷம் ஏறும். ஆறு முடிஞ்சா ஃப்ரீ ஏஜென்ட், எந்த டீமுக்கு வேணா போகலாம், மார்க்கெட் விலைதான். அதே தரத்துல ஆடுற ரெண்டு பேர்ல ஒருத்தன் ஏழரை லட்சம் டாலருக்கும் இன்னொருத்தன் ரெண்டு கோடி டாலருக்கும் ஆடுவான், வித்தியாசம் எத்தனை வருஷமா லீக்ல இருக்கான்ங்கிறது மட்டும்தான். இது புரிஞ்சா கேமே வேற மாதிரி தெரியும். உங்க டீம்ல இந்த ஏழரை லட்சக்காரங்க எத்தனை பேர் நல்லா ஆடுறாங்களோ அந்த அளவுக்குத்தான் பெரிய ஆளுங்களை வாங்க கையில காசு மிஞ்சும். 172 நாள் மேல இருந்தா ஒரு சர்வீஸ் வருஷம்னு கணக்கு, சீசன் அதை விட ரெண்டு வாரத்துக்கு மேல நீளம், அதனால ஒரு பெரிய திறமைசாலி பையனை ஏப்ரல் கடைசியில மேல கொண்டு வந்தா இன்னும் ஒரு வருஷம் கூடுதலா நம்மகிட்ட இருப்பான். நெஜ டீமுங்க இதைப் பண்றப்ப எனக்கு அந்தப் பையனுங்களை நினைச்சு மனசுக்கு சரியா படாது, ஆனா கேம்ல பட்ஜெட் சின்ன டீமுக்கு இது தேவைப்படுது.

நல்ல பையன் கிடைச்சா ஆர்பிட்ரேஷனுக்கு ஒரு வருஷம் முன்னாடியே நீண்ட கான்ட்ராக்ட் பேசிப் பாருங்க, காசாசை கம்மி, விசுவாசம் அதிகம்னு இருந்தா நல்ல விலைக்கு ஒத்துப்பான். எந்த கான்ட்ராக்ட் குடுத்தாலும் கடைசி வருஷம் அவனுக்கு என்ன வயசுன்னு விரல் விட்டு எண்ணிட்டு அப்புறம் ஓகே அழுத்துங்க.

ட்ரேட்ல என் வழி எளிமையானது. ஒரு ப்ளேயரை விக்கணும்னா ஷாப் பண்ற பட்டனை அழுத்துங்க, எந்தெந்த டீம் என்ன குடுக்கும்னு லிஸ்ட் வரும், விக்கிற எண்ணம் இல்லாட்டியும் மாசம் ஒரு தடவை ரெண்டு மூணு பேருக்கு இதைப் பண்ணுங்க, மார்க்கெட் யாரை எப்படி மதிக்குதுன்னு தெரியும். ஜூலை கடைசியில ட்ரேடுக்கு டெட்லைன், அதுக்கு முந்தின ரெண்டு வாரம் ஜெயிக்கிற டீமுங்க எல்லாம் ரிலீவரைத் தேடி அலையும், அப்ப உங்க டீம் ரேஸ்ல இல்லைன்னா உங்ககிட்ட இருக்கிற 31 வயசு க்ளோசருக்கு (கடைசி இன்னிங்ஸ்ல லீடைக் காப்பாத்த வர்ற ரிலீவர்) நல்ல பையன் கிடைப்பான். தோக்கிற டீமுக்கு நல்ல க்ளோசர் எதுக்கு, காப்பாத்துறதுக்கு லீடே இருக்காதே. வாங்கும்போது நான் சொன்ன ஃபிப் கணக்கைப் போட்டு, இஆர்ஏ அதிகமா இருந்து ஃபிப் கம்மியா இருக்கிறவனைத் தேடுங்க. கம்ப்யூட்டர் டீமுங்க ப்ளேயரை மதிப்பிடும்போது ரேட்டிங்கோட இந்த சீசன் ஆட்டத்தையும் சேர்த்துத்தான் பாக்குது, அதனால ஆட்டம் சரியா போகாதவன் கொஞ்சம் மலிவா கிடைப்பான்.

டிராஃப்ட்டைப் பத்தி ரெண்டே வார்த்தை. 20 ரவுண்ட், முதல் அஞ்சை மட்டும் நீங்க எடுங்க, மிச்சத்தை ஸ்கவுட்டுக்கு விடுங்க. பிட்ச்சர்னா ஸ்டாமினாவும் மூணு நல்ல பந்தும் இருக்கான்னு பாருங்க, ரெண்டு பந்துதான்னா கடைசியில ரிலீவராத்தான் வருவான்.

லைன்அப் போடுறதுல மணிக்கணக்கா உக்காராதீங்க, அதுல கிடைக்கிறது கொஞ்சம்தான். உங்க மூணு சிறந்த ஹிட்டரும் 1, 2, 4 இந்த இடங்கள்ல இருக்கட்டும், ஓபிபி நல்லா இருக்கிறவன் முதல்ல, பலமா அடிக்கிறவன் நாலாவது. வேகமா ஓடுறான்ங்கிறதுக்காக மட்டும் ஓபிபி .300 இருக்கிறவனை முதல்ல போடாதீங்க, அவன்தான் சீசன் முழுக்க அதிகமா பேட் பிடிப்பான். ஆனா லெஃப்ட் ரைட் விஷயத்துல நெஜமான லாபம் இருக்கு, லெஃப்ட் பேட்டருங்க பெரும்பாலும் ரைட் பிட்ச்சரைத்தான் நல்லா அடிப்பாங்க, ரேட்டிங்ல தனித்தனியா போட்டிருக்கும், அதனால ரெண்டு லைன்அப் தனித்தனியா போட்டு வைங்க. ஸ்டார் விலை குடுக்க முடியாத டீமுக்கு ரெண்டு பாதி ப்ளேயருங்க சேர்ந்து ஒரு முழு ப்ளேயர். பேஸ் திருடுறதுல (பந்தை அடிக்கிறதுக்கு முன்னாடியே அடுத்த பேஸுக்கு ஓடுறது) நாலுக்கு மூணு தடவையாவது ஜெயிக்கலைன்னா ஓடாம இருக்கிறதே மேல், ஸ்ட்ராட்டஜி பக்கத்துல அந்த ஸ்லைடரைக் குறைச்சிடுங்க. புல்பென்ல, அதாவது உங்க ரிலீவர் கூட்டத்துல, சிறந்த கையை 9-வது இன்னிங்ஸுக்குன்னே பூட்டி வைக்காம, 7-வதுல ரெண்டு பேர் பேஸ்ல நிக்கும்போது அனுப்பினா நிறைய மேட்ச் மிஞ்சும், ஓஓடிபில இதுக்கு ஸ்டாப்பர்னு ஒரு ரோலே இருக்கு.

மைதானத்தையும் காலத்தையும் மறக்காதீங்க. கொலராடோ டீமோட கூர்ஸ் ஃபீல்ட் கடல் மட்டத்துல இருந்து ஒரு மைல் உயரத்துல இருக்கு, காத்து லேசு, பந்து பறக்கும், அங்க ஒரு ஹிட்டர் .300 அடிச்சா அது வேற ஊர்ல .270 ஆகலாம். பாஸ்டன்ல லெஃப்ட் ஃபீல்ட் சுவர் 37 அடி உயரம், ஆனா கிட்ட இருக்கு, லெஃப்ட் பக்கம் இழுத்து அடிக்கிற ரைட் பேட்டருக்கு டபுள் (ஒரே அடியில ரெண்டாவது பேஸ் போறது) டபுளா கொட்டும். பழைய காலத்து சீசன்களையும் ஆடலாம், அங்க நம்பரைப் பாத்து பயந்துடாதீங்க. 1968-ல பாப் கிப்சன் இஆர்ஏ 1.12, அமெரிக்கன் லீக் பேட்டிங் சாம்பியன் யாஸ்ட்ரெம்ஸ்கி அடிச்சதே .301, அந்த அளவுக்கு பிட்ச்சருங்க ஆட்டம், அதனாலதான் அடுத்த வருஷம் பிட்ச்சர் நிக்கிற மேட்டை 15 இன்ச்ல இருந்து 10 இன்ச்சா குறைச்சாங்க. அதனால எப்பவும் ஓபிஎஸ் ப்ளஸ் (ஹிட்டருக்கு), இஆர்ஏ ப்ளஸ் (பிட்ச்சருக்கு) மாதிரி 100-ஐ சராசரியா வச்ச கட்டத்தைப் பாருங்க, அதுல மைதானமும் வருஷமும் ஏற்கனவே சரி பண்ணியிருக்கும்.

அப்புறம் அந்த முதல் சேவைப் பத்தி. பழைய தேதிக்கு லோட் பண்ணிப் பாத்தேனே தவிர அந்த ட்ரேடை நான் திருத்தல, நடந்தது நடந்ததாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன். ஷார்ட்ஸ்டாப்பை மறுபடி மூணாவது பேஸுக்கு அனுப்பினேன், அடுத்த டிராஃப்ட்ல முதல் ரவுண்ட்ல ஒரு பையனை எடுத்தேன், அடி சுமார்தான், ஃபீல்டிங் பொட்டென்ஷியல் 70. அவன் மேல வர மூணரை வருஷம் ஆச்சு. வந்த வருஷமே என் பிட்ச்சருங்க எல்லாரோட இஆர்ஏவும் இறங்குச்சு, யாரையும் புதுசா வாங்கல. இப்ப அந்த சேவ்ல எட்டு வருஷம் தாண்டிடுச்சு, போன டிசம்பர்ல ஃப்ரீ ஏஜென்ட் லிஸ்டை வயசை வச்சு வரிசைப்படுத்திக்கிட்டு இருக்கும்போது 33 வயசுல ஒரு பேர் கண்ணுல பட்டுது, நான் மே மாசத்துல வித்த அதே பையன். சின்க்கர் ரேட்டிங் இன்னும் 60 இருக்கு, வேகம் மட்டும் போயிடுச்சு. ஒரு வருஷ கான்ட்ராக்ட், அஞ்சாவது ஸ்டார்ட்டர். ஏப்ரல் முதல் வாரம் அவனோட முதல் மேட்ச், அதை மட்டும் சிம் பண்ணாம ஒவ்வொரு பந்தா பாத்தேன், ஆறு இன்னிங்ஸ் போட்டான், ரெண்டு ரன், ஷார்ட்ஸ்டாப் பக்கம் போன ஏழு பந்தும் அவுட்.